சிந்தியது, நனைந்தது, புழுத்தது

தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறவனுக்கு ஊரில் நல்ல பேர் கிடையாது. பார்த்து வாங்கினால் கல்நெஞ்சக்காரன், பார்க்காமல் வாங்கினால் பைத்தியக்காரன்.

அரிசி மண்டி, ரேஷன் கடை, தீவனக் கடை என்று எங்கேயாவது மூட்டைகளுக்கு நடுவில் நின்று தும்மிக்கொண்டே குடும்பம் நடத்தியவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், மூக்கை மட்டும் பொத்திக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்தது லெப்பைக்குடிக்காட்டு அமீது பாயின் மக்காச்சோளக் கிடங்கில், 1999 கடைசியிலிருந்து 2007 வரை. சுற்றுவட்டாரச் சோளமெல்லாம் எங்களிடம் வரும். நாங்கள் ஈரம் பார்த்து வாங்கி, அடுக்கி வைத்து, நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன மில்லுக்கு லாரி ஏற்றுவோம். காட்டிலிருந்து கோழியின் அலகுக்குப் போகிற வழியில் ஒரு சோளம் எத்தனை இடத்தில் தப்பி ஓடும் என்பது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதில் பாதி இடத்தில் கதவைத் திறந்து விட்டவனே நான்தான்.

பாயின் பல்

பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டுப் பெரம்பலூர் நூலகத்தில் இரண்டு வருஷம் வேலைவாய்ப்புப் பக்கம் படித்துக்கொண்டிருந்தவனை, மாமா ஒருவர் கொண்டுபோய் அமீது பாயிடம் நிறுத்தினார். பாய்க்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். சோளத்தில் ஈரம் பார்க்க அவர் வைத்திருந்த கருவி அவருடைய கடைவாய்ப் பல். மூட்டையிலிருந்து இரண்டு மணி எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் கிடங்குக்குள் போகும். 'சதக்'கென்று அமுங்கினால் களத்துக்குப் போய்க் காய வேண்டும். பின்னால் நாங்கள் ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கினோம். அது ஈரம் பதினாலு சதவீதம் என்று காட்டும், அதுதான் எங்கள் வரம்பு. பாய் இரண்டு மணியைக் கடித்துவிட்டு, "மிசினு சரியாத்தான் சொல்லுது" என்று அதற்கு நற்சான்று கொடுப்பார்.

சிக்கல் என்னவென்றால், அந்த வருஷங்களில் சோளம் வருகிற மார்கழியும் ரமலான் மாதமும் ஒன்றாக வந்து விழுந்தன. நோன்பு வைத்துக்கொண்டு பகலில் வாயில் எதையும் போட முடியாது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை விவசாயிகளைக் காக்க வைக்கவும் முடியாது. நோன்பு மாதத்தில் பாய்க்குப் பதிலாகக் கடித்து வந்தவர் கணக்கப்பிள்ளை. அவருக்கு அந்த ஐப்பசியில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இந்த விவரம் எதுவும் தெரியாமல் நான் பட்டச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பவ்வியமாக நீட்டினேன். பாய் அதைத் தொடவே இல்லை. "சர்டிபிகேட்ட உள்ள வைங்க தம்பி. வாயத் தொறந்து பல்லக் காட்டுங்க."

பருத்திக்காரர்

ஒரு மாதத்துக்குப் பல்லாகப் போனவன் அப்படியே ஒட்டிக்கொண்டேன். ஐந்து வருஷம் கழித்து, 2004 ஆவணியில், ரஞ்சன்குடியிலிருந்து தங்கவேலு என்று ஒருவர் வந்தார். கிடங்கு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சோளம் கொண்டுவரவில்லை. அந்த ஊர்ப் பழைய கோட்டைக்குக் கீழே மூன்று ஏக்கர் கரிசல் வைத்திருந்தார். பரம்பரையாகப் பருத்தி. மூன்று வருஷமாகப் பருத்தியில் புழு விழுந்து, மருந்தடித்து, மறுபடியும் புழு விழுந்து, மனிதர் இளைத்துப் போயிருந்தார். இந்தப் புரட்டாசியில் முதல் முறையாகச் சோளம் போடப் போவதாகச் சொன்னார்.

அவர் மனைவி மல்லிகாவின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். சோளமும் ஏமாற்றிவிட்டால் தை கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவது என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. அண்ணன் அங்கே ஒரு லைன் வீடு கூடப் பார்த்து வைத்துவிட்டார். மல்லிகாவுக்கு அதில் மனசில்லை, ஆனால் அவர்தான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தவர். தங்கவேலு இதையெல்லாம் யாரோ மூன்றாம் மனிதர் கதை மாதிரி சொன்னார். விதை, உரம் பற்றி எனக்குத் தெரிந்ததை எடுத்துவிட ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அதெல்லாம் இருக்கட்டும் சார். நீங்க எந்தெந்தச் சோளத்த வேண்டாம்னு திருப்பி அனுப்பறீங்க, அத மட்டும் சொல்லுங்க. வேணுங்கறத நான் பாத்துக்கறேன்."

கோழிகளின் புரவலன்

அன்றிலிருந்து வாரம் ஒருமுறை தங்கவேலு வந்து கிடங்கில் உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கு அதிகாரி வந்து உட்கார்ந்த மாதிரி எனக்கு உடம்பெல்லாம் விறைப்பாகிவிடும். அவருக்குக் காட்டுவதற்காகவே ஒருநாள் தானிய விரயத்தை ஒழிக்கக் கிளம்பினேன். கிடங்குத் தரையில் தினமும் இரண்டு கூடைச் சோளம் சிந்திக் கிடக்கும். கூட்டிப் பெருக்குகிற அஞ்சலை அதை அள்ளி முறத்தில் புடைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார். கீழே விழுந்ததைத் திரும்ப மூட்டையில் போட்டால் பரக்கத்து என்கிற இறைவனின் அருள்வளம் போய்விடும், அது கூட்டுகிறவருக்கே சேரும் என்பது பாயின் சட்டம். விரயத்துக்குக் காரணம் லோடுமேன்கள் மூட்டையில் மாட்டி இழுக்கிற கொக்கிதான் என்று முடிவு கட்டி, 'கொக்கி போடாதே' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். அவர்களுடைய மேஸ்திரி கோவிந்தனைக் கூப்பிட்டு, ஒரு மணி சோளம் விளைய எத்தனை நாள் ஆகிறது என்று பிரசங்கமும் செய்தேன்.

கோவிந்தன் கொக்கிகளை வாங்கி மூலையில் போட்டார். ஒரு வாரம் கொக்கி இல்லாமல் முக்கி முனகி மூட்டை தூக்கினார்கள். அப்போதும் தரையில் அதே இரண்டு கூடை. எட்டாம் நாள் கோவிந்தன் பத்து மூட்டையை வரிசையாக நிறுத்தி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கொக்கி பட்ட இடத்தில் சணல் லேசாக விலகியிருந்தது, அவ்வளவுதான். சோளம் ஒழுகிக்கொண்டிருந்தது நான் குத்தூசி போட்ட இடங்களில். மூட்டைக்குள் குத்தி மாதிரி எடுக்கிற அந்த இரும்புக் குழாய், மூட்டைக்கு மூன்று ஓட்டை போட்டிருந்தது. உருவி எடுத்தபின் அதன் நுனியால் ஓட்டையின் மேல் குறுக்கும் நெடுக்கும் தேய்த்துவிட்டால் சணல் கூடி மூடிக்கொள்ளும். இது கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஐந்து வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அஞ்சலையைப் பார்த்தேன். முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். "நீங்க பாட்டுக்கு நல்லாக் குத்துங்க சார். எங்க வூட்டுக் கோழியெல்லாம் உங்கள நம்பித்தான் இருக்கு."

குனியாதவன்

மார்கழி பிறந்ததும் புதுச் சோளம் வர ஆரம்பித்தது. முதல் வாரத்தில் ஒரு பெரியவர் இருபது மூட்டை கொண்டுவந்தார். எல்லா மூட்டையையும் நிறுத்திக் குத்திப் பார்த்தேன். பதிமூன்றரை, பதிமூன்று, பதினாலு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பாயும் கடித்துவிட்டு 'டக்' என்றார். நான்காம் நாள் நாமக்கல்லுக்குப் போன லாரி அப்படியே திரும்பி வந்தது. தார்ப்பாயை விலக்கியதும் புளித்த கஞ்சி வாடை. பெரியவரின் மூட்டைகளில் மேல் பாதி காய்ந்த சோளம், கீழ் பாதி பச்சை ஈரம். அந்த ஈரம் சூடேறிப் பூசணம் பிடித்து, பக்கத்தில் இருந்த நல்ல மூட்டைகளையும் கெடுத்துவிட்டது. கோழிக்குப் பூசணச் சோளம் விஷம். மில்காரர்கள் இன்னொரு லாரி இப்படி வந்தால் எங்களிடம் வாங்குவதையே நிறுத்திவிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே பெரியவர் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அந்த மோரைக் குடிக்கும்போதே என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை அவர் இறக்கினார். "மூணு வருசமா பாக்கறேன் சார், நீங்க நின்னபடிக்கே குத்துவீங்க. ஒருநாளாச்சும் குனிஞ்சு குத்துற ஆளா இருந்தா நான் முழுசாக் காய வெச்சுருப்பேன்ல?"

சோளத்தின் சட்டை

அதற்குப் பிறகு நான் குனிந்தேன். மூட்டையின் அடியில் குத்தினேன். பெற்ற தகப்பனே கொண்டுவந்தாலும் பதினாலுக்கு மேல் ஒரு புள்ளி ஏறினால் உள்ளே விடுவதில்லை என்று சபதம் செய்துகொண்டேன். மனசுக்குள் பெரிய வீரன் என்ற நினைப்பு. அந்த நினைப்போடு புதுச் சோளத்துக்கு இடம் பண்ணுவதற்காகக் கிடங்கின் கடைசி மூலையில் இருந்த அட்டியைப் பிரிக்கச் சொன்னேன். அட்டி என்றால் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உத்தரம் வரைக்கும் அடுக்கியது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது ஏட்டில். லாரி வந்து நின்றால் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் எல்லோரும் தூக்குவார்கள். அதனால் அந்த மூலை அட்டியை இரண்டு வருஷமாக யாரும் தொடவில்லை. என் கையால் சாக்பீஸில் எழுதிய தேதி மட்டும் அழியாமல் இருந்தது.

கோவிந்தன் வழக்கம்போல மூச்சைப் பிடித்து, நூறு கிலோவுக்கு உண்டான பலத்தோடு மேல் மூட்டையை இழுத்தார். மூட்டை பஞ்சுபோல வந்தது. மனிதர் மல்லாக்க விழுந்தார், மூட்டை அவர் மார்பின் மேல் விழுந்தது. மாவும் வண்டுமாகக் கொட்டி ஆளே வெள்ளையாகிவிட்டார். பதறிப் போய்த் தூக்கினோம். அடி ஒன்றுமில்லை. ஒரு மணியை எடுத்து ஊதிப் பார்த்து, "இதுல சோளம் இல்ல சார், சோளத்தோட சட்டைதான் இருக்கு" என்றார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், பாய் உட்பட. ஓரமாக உட்கார்ந்திருந்த தங்கவேலு மட்டும் எழுந்து வந்து, மூட்டையில் கைவிட்டு மாவை அள்ளிப் பார்த்தார். எங்கள் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டார். "இது யாரு வூட்டு வெள்ளாமை சார்?"

விழுந்து வாரியது

மார்கழிக் கடைசியில் ஒருநாள் ரஞ்சன்குடிப் பக்கம் சோளம் எப்படிக் காய்கிறது என்று பார்க்கப் போனேன். எங்கள் பக்கத்தில் மற்ற மாதங்களில் ரோட்டில் தார் தெரியும், அறுப்புக் காலத்தில் தெரியாது. இரண்டு பக்கமும் கல் வைத்து, நடுவில் பஸ் போக ஒரு தடம் விட்டு, சோளத்தைப் பரப்பி வைத்திருப்பார்கள். பஸ் டிரைவர்கள் பச்சைக் குழந்தையைத் தாண்டுகிற மாதிரி ஓட்டிப் போவார்கள். நான் அவ்வளவு பழக்கமில்லாதவன். கோட்டை திருப்பத்தில் என் டி.வி.எஸ். சோளத்தின் மேல் ஏறியது. அடுத்த நொடி வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தோம். உருண்டையான பண்டத்தின் மேல் விழுந்தால் உடனே நிற்க முடியாது. எழுந்தேன், விழுந்தேன், மறுபடியும் எழுந்தேன்.

மரத்தடியிலிருந்து ஒரு பெண் தலைதெறிக்க ஓடிவந்தார். முழங்கையில் ரத்தம் வழிய, பரவாயில்லைம்மா, பெரிய அடி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், வண்டியிலிருந்து ஒழுகிய பெட்ரோல் சோளத்தில் படாமல் இரண்டு கையாலும் ஒதுக்கினார். ஒரு வாரமாக அவர் கண்ணுக்குக் கண்ணாகக் காயவைக்கிற சோளம் அது. பிறகுதான் நான் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, முந்தானையைக் கிழித்து முழங்கையில் கட்டினார். தங்கவேலுவின் மனைவி மல்லிகாவை நான் முதலில் பார்த்தது இப்படித்தான். கட்டு போட்டு முடித்தபின் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "கோச்சுக்காதீங்க சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க செருப்புக்கடியில சோளம் நசுங்குது."

பதினாறு

பொங்கல் முடிந்த மறுவாரம் தங்கவேலு டிராக்டரில் அறுபது மூட்டை கொண்டுவந்தார். மல்லிகா மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார். நல்ல சோளம், மணி மணியாக, ஆரஞ்சு நிறத்தில். எனக்கே கைதட்டத் தோன்றியது. குனிந்து அடியில் குத்தி மீட்டரில் போட்டேன். பதினாறு. வேறு மூட்டையில் குத்தினேன். பதினாறு. ரோட்டோர மரநிழலில் காய்ந்த பங்கு சரியாகக் காயவில்லை. பாய் கடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முடிவு உன்னுடையது என்று அர்த்தம்.

லாரி திரும்பி வந்த வாடை இன்னும் என் மூக்கில் இருந்தது. கிடங்கும் வாசல் வரை நிரம்பியிருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போன லாரிக்காரர்கள் இன்னும் வரவில்லை. "ரெண்டு நாள் நம்ம களத்துலயே காயட்டும், நாளைக் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றேன். மல்லிகாவின் முகம் சுண்டிப் போனது. தங்கவேலு அவரைச் சமாதானப்படுத்தத் திரும்பினார். "அஞ்சு மாசமா இங்க ஒக்காந்து பாத்துருக்கேன். நானே சாரா இருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

தை மழை

தை மாதத்தில் எங்கள் பக்கம் மழை பெய்யாது. அந்த வருஷம் மறுநாள் மத்தியானம் பெய்தது. கிழக்கே கறுத்ததைப் பார்த்துக் கோவிந்தன் குரல் கொடுத்தார். எல்லோரும் களத்துக்கு ஓடினோம். பரப்பியிருந்த அறுபது மூட்டைச் சோளத்தையும் கூட்டிக் குவித்து, பாதியைச் சாக்கில் பிடித்து, மேலே தார்ப்பாய் இழுத்தோம். தார்ப்பாய் நாலு இடத்தில் கிழிந்திருந்தது. அது கிழிந்திருப்பது எனக்குத் தீபாவளியிலிருந்தே தெரியும். தைக்கக் கொடுக்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன், நாளைக்குக் கொடுக்கலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். கிழிசல் வழியாகத் தண்ணீர் நேராகச் சோளத்துக்குள் இறங்கியது. அஞ்சலை தன் வீட்டுக் கூரையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்துக்கொண்டு வந்து கிழிசல் மேல் போட்டார். ஒரு கிழிசல் அடைந்தது, மூன்று பாக்கி.

விடியும்போதும் தூறல் விடவில்லை. தங்கவேலு குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, என்னையும் விடச் சொன்னார். வெளியே குளிர், உள்ளே காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சூடு. இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் முளைவிடும், இல்லாவிட்டால் கறுக்கும். இரண்டில் எது நடந்தாலும் அவர்கள் திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான். மல்லிகா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஈரச் சாக்கைப் பிழிந்துகொண்டே தங்கவேலுவிடம், "இத அள்ளிப் பரத்த ஒரு வூடு அளவு எடம் இருந்தாப் போதும், எங்கங்க போறது?" என்றார்.

குடி போன சோளம்

அதைக் கேட்டுக்கொண்டிருந்த பாய் குடையை மடக்கிக்கொண்டு, கிடங்கை ஒட்டியிருந்த தன் வீட்டுக்குள் போனார். கிடங்குக்கு அடுத்த தெருவில் அவர் மகன் ஷார்ஜாவில் சம்பாதித்துக் கட்டிய மாடி வீடு பூட்டிக் கிடந்தது. மேலும் கீழும் பளபளவென்று கல் பதித்த தரை, அறைக்கு அறை மின்விசிறி. விசிறி இறக்கைகளில் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோடையில் மகன் வந்து குடி போக வேண்டும் என்று பாயின் மனைவி கதீஜா அம்மா சாவியைத் தன்னிடமே வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் துடைப்பதற்கு மட்டும் திறப்பார். பாய்க்கே அங்கே செருப்பு போட்டு நடக்க அனுமதி கிடையாது. உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. கால் மணி நேரம் கழித்து அம்மாவே சாவியோடு மழையில் வந்தார். மல்லிகாவை ஒருமுறை பார்த்தார். "எல்லாரும் காலக் கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

காலைக் கழுவிக்கொண்டு மூட்டை சுமந்தோம். ஹாலில், சமையலறையில், படுக்கையறைகளில், மாடியில், பூஜை அறை மாதிரி அவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்த தொழுகை அறையை மட்டும் விட்டுவிட்டு, எல்லா இடத்திலும் இரண்டு விரல் கனத்துக்குச் சோளம் பரப்பினோம். விசிறிகளின் உறையைக் கிழித்து ஓடவிட்டோம். மல்லிகாவும் அஞ்சலையும் காலால் அளைந்து அளைந்து புரட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் கதீஜா அம்மாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு அறையை எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஷார்ஜாவிலிருந்து மகன் போன் பண்ணினான். மழையாமே, புது வீடு ஒழுகுகிறதா என்று கேட்டிருக்கிறான். அம்மா சோளத்துக்கு நடுவில் நின்றபடியே சொன்ன பதிலுக்கு நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். "வூடு நல்லாருக்கு தம்பி, அல்ஹம்துலில்லாஹ். நமக்கு முன்னாடி சோளம் குடி போயிடுச்சு, நீ மெதுவா வா."

மீட்டர் சொன்னது

நாலாம் நாள் வெயில் வந்தது. அறுபதில் ஒன்பது மூட்டை தப்பவில்லை. கிழிசலுக்கு நேர் கீழே கிடந்தவை. கறுத்து, கட்டி தட்டி, மாட்டுக்குக்கூடப் போட முடியாதபடி ஆகிவிட்டன. நான் பிரிப்பதற்கு முன்பே தங்கவேலு அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். எது திரும்பும் என்று அவருக்குத்தான் தெரியுமே. களத்துக்குப் பின்னால் குழி வெட்டி அவரே மண்ணைத் தள்ளினார். பக்கத்தில் நின்று நானும் தள்ளினேன். தார்ப்பாய் கிழிந்திருந்தது தீபாவளியிலிருந்தே எனக்குத் தெரியும் என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "சோளம் ஈரமா இருந்தது என் தப்பு சார். அது நனைஞ்சது உங்க தப்பு. சரி, மண்ணத் தள்ளுங்க" என்றார். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த தண்டனைகளில் இதுதான் பெரியது, இதுதான் நியாயமானதும்.

மீதி ஐம்பத்தொன்றையும் சாக்கில் பிடித்துக் கிடங்கு வாசலுக்குக் கொண்டுவந்தோம். முந்தின நாள்தான் இரண்டு லாரி வந்து உள்ளே இடம் விட்டிருந்தது. மீட்டர் போடாமலே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. தங்கவேலு விடவில்லை, போட்டுப் பார்க்கச் சொன்னார். குனிந்து அடியில் குத்தினேன். மல்லிகா மீட்டரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிமூன்றே முக்கால். அடுத்தது பதினாலு. அதற்கடுத்தது பதினாலு. ஐம்பத்தொரு மூட்டையில் ஒன்றுகூடப் பதினாலைத் தாண்டவில்லை. கடைசியில் பாய் வழக்கம்போல இரண்டு மணியை வாயில் போட்டார். 'டக்' என்று எல்லோருக்கும் கேட்டது. கோவிந்தன் முதல் மூட்டையைத் தூக்கி உள்ளே போனார். குத்திய ஓட்டைகளைத் தேய்த்து மூடிவிட்டு நிமிர்ந்தேன். மல்லிகா ஆபீஸ் மேசையில் இருந்த போனைக் காட்டிக் கேட்டார். "ஒரு போன் போட்டுக்கவா சார்? எங்கண்ணன் திருப்பூர்ல புடிச்சு வெச்ச வூட்ட வேற யாருக்காச்சும் வுட்டுறச் சொல்லணும்."

கிடங்கில் தானியத்தை அதிகமாகத் தின்பது எது என்று இப்போது யாராவது கேட்டால், எலியையும் வண்டையும் பழி சொல்லாமல், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவனைத்தான் கையைக் காட்டுவேன்.